கீழே ஊத்தாத தண்ணி

“அந்தம்மா கடலையே மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோகுது பாருடா. நாளைக்கு நமக்குப் படகு விடத் தண்ணி இருக்காது!”

படகு இறக்கும் சரிவில் எவனோ ஒருவன் சொன்னான். கூட இருந்தவன் சிரித்தான். பாலத்து நுனியில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்த நெவிலின் காதிலும் அது விழுந்தது. கேட்காத மாதிரி இருந்திருக்கலாம். தலையைத் திருப்பிவிட்டான். அந்த ஒரு திருப்பல்தான் வினையாகப் போயிற்று. வெள்ளை டிரம் மூன்று, கயிறு கட்டிய வாளி, அகலத் தொப்பி, பூப்போட்ட கவுன் எல்லாமாகச் சேர்ந்து ஒரு கிழவி அவனை நோக்கி வந்தாள். வரும்போதே பேசிக்கொண்டு வந்தாள். யாரிடம் ஆரம்பித்த பேச்சோ, மிச்சம் அவனுக்கு என்று ஆகிவிட்டது.

நெவில் பாதி ஆயுளைக் கரும்பாலை இரைச்சலில் கழித்தவன். ஓய்வு பெற்ற பிறகு மக்காய் துறைமுகத்துக்கு அவன் வருவது மீனுக்காக என்று அவன் மனைவி நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் வந்தது, அங்கே யாரும் பேசமாட்டார்கள் என்பதற்காக.

“...அதத்தான் சொல்றேன். நல்லா இருக்கற சாமான எதுக்குத் தூக்கிப் போடணும்? சொல்லு. ஒரே ஒரு காரணம் சொல்லு. மாட்டே. ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. கொஞ்சம் தள்ளு ராசா, முட்டிய மடக்கணும். அம்மாடீ... உக்காந்துட்டேன். என் பேரு டோரீன். டோரீன் ஷெம்ப்ரி. கரும்பு வெட்ட வந்த மால்டாக்காரங்க குடும்பம். இந்த ஊர்ல ரெண்டு கல்லு எறிஞ்சா ஒண்ணு எங்க சொந்தக்காரன் மேல விழும். இன்னொண்ணு எங்களுக்குக் கடன் குடுத்தவன் மேல விழும். உன் பேரு என்ன? சரி விடு, மீனு பயந்துக்கும்.

“தண்ணி இன்னும் ஏறலல்ல? சேறு கலங்கிக் கெடக்கு. முழுசா ஏறணும். ஏறினாத்தான் வெளிக்கடல் தண்ணி உள்ள வரும். கெல்வின் அப்பிடித்தான் மொள்ளுவான். கெல்வின் என் மூத்த மாப்பிள்ளை. நெலக்கரிச் சுரங்கத்துல லாரி ஓட்டறான். லாரின்னா சும்மா லாரியில்ல, வீடு மாதிரி இருக்கும், ஏணி வெச்சு ஏறணும். ஒரு வாரம் அங்க, ஒரு வாரம் இங்க. அங்க இருக்கற வாரம் எனக்கு நிம்மதி. இங்க இருக்கற வாரம் ரெண்டு பேருக்கும் இல்ல. இன்னிக்கு மத்தியானம் சுரங்கத்து பஸ்ல வந்து எறங்கறான். அதுக்குள்ள நான் இந்தத் தண்ணியக் கொண்டுபோயி, தொட்டியில மாத்தி, டெரி எந்திரிச்சு நீந்தணும். நீந்தியே ஆகணும். இல்லேன்னா என்ன டூவூம்பாவுக்கு, சின்ன மக வீட்டுக்கு, மூட்டை கட்டிருவான்.”

நெவில் தக்கையையே பார்த்தான். தக்கை அவனுக்கு ஒத்தாசை செய்யவில்லை.

“டெரி யாருன்னு கேக்கலியே நீ? கேளு. கேக்காட்டியும் சொல்றேன். மீனுப்பா. ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை பட்டையா, சர்க்கஸ் கூடாரத்துக்கு வால் மொளைச்ச மாதிரி. பல்லு நீலம். நெசமா நீலம்! மொதல்ல பாத்தப்ப, இதென்னடா பேனாவக் கடிச்சுத் தின்ன மீனான்னு கேட்டேன். கெல்வின் சிரிக்கல. அவன் சிரிக்கமாட்டான். அந்தத் தொட்டி விஷயத்துல அவன் பூசாரி மாதிரி. தொட்டி நீளம் சொல்லட்டுமா? என் வீட்டுக்காரரு சால்வு படுத்த சவப்பெட்டியவிட நீளம். தொட்டிக்குத் தேக்குல சட்டம். சால்வுக்கு வெறும் பைன் மரம். கல்லறைக்கு சிமெண்டுகூட, பக்கத்துக் கல்லறைக்குப் போட்டு மிஞ்சினது. மேஸ்திரிகிட்ட நானே கேட்டு வாங்கினேன். ஏன் பாக்கறே? செத்தவரு எந்திரிச்சு வந்து கலவை சரியில்லேன்னு சொல்லப் போறாரா? உசுரோட இருந்தா மெச்சியிருப்பாரு. ஒரே பிளேடுல வருஷம் பூரா செரைச்ச மனுசன். கல்யாண போட்டோவுலயே கன்னத்துல ரத்தம்.

“ஆங்... தொட்டி. தொட்டிக்கு அடியில ஒரு பொட்டி. மேல இருக்கற தண்ணி அதுக்குள்ள எறங்கி, சுத்தமாகி, திரும்ப ஏறும். அதுல ரெண்டு பை கெடக்கும். ஒண்ணுல கரி. ஒண்ணுல பிசின் மணி. ஜவ்வரிசி இருக்குல்ல, அந்த மாதிரி, வெள்ளை வெளேர்னு. மீனு பண்ற அசிங்கத்தையெல்லாம் ரெண்டும் உறிஞ்சிக்கும். மாசக் கடைசியில ஜவ்வரிசி பழுப்பேறிப் போகும். வீட்டுல இருந்தா கெல்வின் என்ன பண்ணுவான்? குப்பையில! ரெண்டு பையும், நேரா குப்பையில! அவன் சுரங்கத்துல இருந்தா, புதுப் பாக்கெட்ட மேசை மேல வெச்சுட்டுப் போவான். ‘பழச எறிங்க, புதுச ஊத்துங்க. அவ்வளவுதான் டோரீன். யோசிக்காதீங்க’ம்பான். யோசிக்காதீங்களாம்! ஏன்டா, சட்டை அழுக்கானா தொவைப்பியா, எரிச்சுட்டு வேற வாங்குவியா? பொண்டாட்டிக்கு முடி நரைச்சா சாயம் வாங்கிக் குடுப்பியா, ஆளையே மாத்துவியா? இந்தக் காலத்துப் பசங்க... மாத்தினாலும் மாத்துவானுங்க.

“அதனால நான் கரியில ஆரம்பிச்சேன். அவன் போட்ட கரிய குப்பையிலருந்து எடுத்து, கழுவி, தட்டுல பரப்பி, ஓவன்ல வெச்சேன். சூட்டுல அழுக்கு எரிஞ்சு போயிரும்ல? கேக்கறவனுக்கு ஞாயமாத்தானே தோணுது? வீட்டுக்குள்ள ஒரு நாத்தம் எழும்புச்சு பாரு! கடல் வத்தி, நண்டு செத்து, செத்த நண்டத் தின்ன பெலிக்கன் செத்து... சரி, நீ சாப்பிடப் போற ஆளு. மறுநாளு அதே ஓவன்ல பாஸ்டிஸி சுட்டேன். பாலாடைக்கட்டி வெச்சு, மடிப்பு மடிப்பா. எங்காளுங்க அதுக்கு உசுர விடுவாங்க. பாதிரியார் வந்தாரு. ரெண்டு கடி கடிச்சாரு. ‘டோரீன், உள்ள நெத்திலியா?’ன்னாரு. ஆமா ஃபாதர்னேன். பாதிரியார்கிட்ட சொன்ன பொய்ய அவர்கிட்டயே போயிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும். என் கொடுமையப் பாரு. இன்னும் பண்ணல. நெத்திலி போட்டு ஒரு தடவ நெசமாவே சுட்டுக் குடுத்துட்டா சரியாப் போகும்னு விட்டுட்டேன்.

“கெல்வின் வந்தான். வாசல்லயே மோந்து பாத்தான். சத்தம் போடல. சத்தம் போட்டா எனக்குப் பயமில்ல, நானும் போடுவேன். மெதுவாச் சொன்னான். ‘டோரீன், இன்னொரு தடவ என் தொட்டியில புத்திசாலித்தனம் பண்ணீங்கன்னா, டூவூம்பாவுக்கு டிக்கெட் எடுத்துருவேன்.’ என் மக மரீசா பக்கத்துல நின்னா. ஒரு வார்த்தை பேசல. பெத்த மக! துண்ட மடிச்சுக்கிட்டே இருந்தா.

“டூவூம்பாவுல என் சின்னவ இருக்கா. மலை மேல ஊரு. குளிரு தம்பி! அவ புருஷன் பேக்பைப்னு ஒரு பை வாத்தியம் ஊதறான். வீட்டுக்குள்ள! நீ கேட்டிருக்கியா அந்த சத்தத்த வீட்டுக்குள்ள? பூனைய மெஷின்ல போட்டுத் தொவைச்ச மாதிரி இருக்கும். இங்கன்னா எனக்குப் பின்கட்டுல தனி ரூமு. தக்காளிச்செடி. சீட்டாட நாலு கெழவிங்க, அதுல மூணு பேரு ஏமாத்துவாளுங்க, ஆனா எந்த மூணுன்னு எனக்குத் தெரியும். அதையெல்லாம் விட்டுட்டு, இந்த வயசுல போயி, கஞ்சிக்கு சக்கரை போடாத வீட்டுல... மாட்டேன். போகமாட்டேன்.”

சொல்லிவிட்டு அவள் கடலைப் பார்த்தாள். அடிவானத்தில் நிலக்கரிக் கப்பல்கள் வரிசைகட்டி நின்றன. பாலத்துக் காலில் ஒட்டியிருந்த சிப்பிகளைத் தண்ணீர் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. நெவில் தூண்டிலை எடுத்து, இரையைப் பார்த்துவிட்டு, மறுபடி வீசினான். இரையில் ஒன்றும் குறைவில்லை. எழுந்து போகலாமா என்று ஒரு யோசனைதான் அது.

“நான் விடுவேனா? கடைக்காரப் பொண்ணுகிட்ட நைஸா விசாரிச்சேன். கரிய வீட்டு அடுப்புல மீட்க முடியாதாம், பெரிய உலை வேணுமாம். சரி, கரியில நான் தோத்தேன். ஒத்துக்கறேன். டோரீன்கிட்ட ஞாயம் உண்டு. ஆனா பிசின்? ‘பிசின மீட்கலாமே, ப்ளீச்சுல ஊறப் போட்டா வெளுத்துரும்’னா. பாக்கெட்டுலயே அச்சடிச்சிருக்குன்னா! போயிப் பாக்கறேன், அச்சடிச்சிருக்கு! அந்தக் கம்பெனிக்காரனே சொல்றான், திரும்பத் திரும்பப் போடுன்னு! கெல்வினுக்குப் படிக்கத் தெரியாதா? தெரியும். படிக்கமாட்டான். நெஞ்சு பூரா வாங்கற திமிரு.

“அன்னிலருந்து என் கையிலதான். அவன் அந்தப் பக்கம் பஸ்ஸு ஏறுவான், நான் இந்தப் பக்கம் ப்ளீச்ச எடுப்பேன். பழைய ஸ்டாக்கிங்குல பிசினக் கட்டி, ஊறப் போட்டு, அலசி, முத்து மாதிரி எடுத்து வைப்பேன். போன மாசம் வந்தவன் தொட்டி முன்னால நின்னான். ‘பாத்தீங்களா டோரீன், தண்ணி பளிங்கு! புதுச் சாமானுக்கும் பழசுக்கும் இதான் வித்தியாசம்’னான். நாக்கக் கடிச்சுக்கிட்டேன் தம்பி. கடிச்ச கடியில ரெண்டு நாளு சூப்புதான் குடிச்சேன். ஜெயிச்சவ நானு. ஜெயிச்சேன்னு சொல்ல முடியாம ஜெயிச்சவ. அது எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா?

“இன்னிக்குக் காலம்பற எந்திரிச்சுப் போறேன்... டெரி கல்லுக்குப் பின்னால சாஞ்சு கெடக்கான். ஒருக்களிச்சு. செவுள் அடிச்சுக்குது, படபடன்னு, மாதா கோயில்ல வெயிலுக்குப் பொம்பளைங்க விசிறிக்குவாங்கள்ல, அந்த மாதிரி. எறா காட்டினேன். என் கையிலருந்து வாங்கித் தின்னுவான் தம்பி அவன். விரலு வரைக்கும் வருவான், விரலக் கடிக்கமாட்டான். அந்த நீலப் பல்லால சின்னதா ஒரு இழுப்பு. கெல்வின் வருஷத்துல பாதி நாளு இல்ல, யாரு வளத்தது அவன? இன்னிக்கு எறாவத் திரும்பிக்கூடப் பாக்கல. கண்ண மட்டும் உருட்டி என்னப் பாத்தான்.

“ராத்திரி கெல்வின் போன் பண்ணான், டெரியக் காட்டுங்கன்னு. அப்ப ஒண்ணும் தெரியல எனக்கு, பாறைக்குள்ள தூங்கறான்னு சொல்லிட்டேன். தூக்கமா அது...

“யாரு பண்ண வேலை இது? அந்த ப்ளீச்சுக் கம்பெனிக்காரன் எதையோ கலந்துட்டான். இல்ல, கொழாத் தண்ணியில எதையோ விட்டிருக்கானுங்க. இல்ல, அந்தக் கப்பலுங்க! அத்தன கரித்தூளு காத்துல பறந்தா மீனு என்ன பண்ணும்? கெல்வினும்தான்! புது லைட்டு ஒண்ணு மாட்டியிருக்கான், நீலமா, ஆஸ்பத்திரி மாதிரி. அதுல இருந்தா எனக்கே மூச்சு முட்டுது. நான் பிசினப் பையப் போட்டது நேத்து சாயந்தரம். காலையில பதறிப்போயி வெளிய எடுத்துட்டேன், அது வேற விஷயம். பிசினுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

பின்னால் ஒரு கடற்காகம் இரைப் பெட்டியைக் கொத்தும் சத்தம் கேட்டது. நெவில் சட்டென்று திரும்பினான்.

“ஏன் அப்பிடிப் பாக்கறே? இல்லப்பா, சம்பந்தமில்ல. ஒழுங்காத்தான் பண்ணேன். நம்பலேன்னா வரிசையாச் சொல்றேன், கேட்டுக்கோ. மொதல்ல ப்ளீச்சு. ஒரு நாளு ஊறணும். ஊறுச்சு. வெளுத்துச்சு. அப்புறம் அலசணும். அலசினேன், விரலப் பாரு, இன்னும் சுருக்கம் போகல. ஏற்கனவே இருந்த சுருக்கம் வேற, இது வேற. அப்புறம், பிசினுக்குள்ள தங்கற ப்ளீச்ச முறிக்கறதுக்கு ஒரு மருந்து. சின்ன பாட்டிலு, வெலையக் கேட்டா மயக்கம் வரும். அதத் தண்ணியில கலந்து அதுல ஊறப் போடணும். அந்த மருந்து போயி மிச்சமிருக்கற ப்ளீச்சையெல்லாம் தின்னுரும். ஊறப் போட்டேன். அதுலயும் கொறையில்ல.

“என்ன, புதுசா கலக்கல. எதுக்குக் கலக்கணும்? போன தடவ ஊறவெச்ச தண்ணிதான் அப்பிடியே இருக்கே! ஐஸ்கிரீம் டப்பாவுல ஊத்தி, மூடி போட்டு, என் கட்டிலுக்கு அடியில. கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி தண்ணி! ஒரு தூசு இல்ல. அத எவளுக்காவது கீழ ஊத்த மனசு வருமா? கெட்டுப்போற பொருளா அது? பாலா? மீன் கொழம்பா? இல்ல, டீப்பையா, சாயம் எறங்கிப் போக? நானெல்லாம் டீப்பையவே மூணு தடவ போடுவேன். மொதத் தடவ கமகமன்னு இருக்கும். ரெண்டாந்தடவ பரவால்ல, குடிக்கலாம். மூணாந்தடவ... மூணாந்தடவ வெறும் சுடுதண்ணி, அது வர்றவங்களுக்கு, அதுல என்ன இருக்கு, ஒண்ணும்...”

டோரீன் நிறுத்தினாள்.

வாய் பாதி திறந்தபடியே இருந்தது. அலை பாலத்துக் காலில் மோதித் திரும்பும் சத்தம் தவிர வேறொன்றும் இல்லை. நெவில் விரும்பி வந்தது இந்த அமைதிக்குத்தான். இரண்டு அலை வந்து போவதற்குள் அவனுக்கு அது பொறுக்கவில்லை.

“தின்னு தீந்துருக்கும்” என்றாள் அவள். குரல் இறங்கியிருந்தது. “போன தடவயே அந்த மருந்து ப்ளீச்சத் தின்னு தின்னு தீந்து போயிருக்கும். இல்ல? அப்புறம் டப்பாவுல என்ன இருந்துச்சு? தண்ணி. நான் வெறும் தண்ணியில ஊறப் போட்டு எடுத்து, உள்ள இருக்கற ப்ளீச்சோட கொண்டுபோயி... அவன் மூச்சு விடற தண்ணியிலயே...”

கடல் முழுசாக ஏறியிருந்தது. சேறு விலகி, பாலத்தடியில் தண்ணீர் பச்சையாகத் தெளிந்திருந்தது. அவள் எழ முயன்று முடியாமல் வாளியை மட்டும் எட்டி எடுத்தாள். நெவில் தூண்டிலைக் கட்டையில் செருகிவிட்டு, வாளியை வாங்கிக் கடலுக்குள் விட்டான். அவன் மொண்டு மொண்டு ஊற்ற, அவள் டிரம்மைப் பிடித்துக்கொண்டாள். ஆலிவ் ஊறுகாய் வந்த டிரம்கள். எத்தனை கழுவியும் வாசனை போகாமல் இருந்தது.

“இந்த மூணு டிரம்மு அந்தத் தொட்டிக்கு எந்த மூலைக்கு? சொல்லு. யானைக்கு ஒரு கரண்டி கஞ்சி. தெரிஞ்சுதான் வந்தேன். வீட்டுல உக்காந்து அவன் செவுளப் பாத்துக்கிட்டு இருக்க முடியல, அதான் வந்தேன். என்ன பண்ணணும்னு கெல்வினுக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவான். சொல்லிட்டு டிக்கெட்ட எடுப்பான். கேக்காம இருந்தா, டெரி பொழைச்சாலும் பொழைப்பான். மீனுங்க சாஞ்சு கெடந்து எந்திரிச்சதில்லையா? எந்திரிச்சா யாருக்கும் ஒண்ணும் தெரியாது. எந்திரிக்கலேன்னாலும்... வயசாச்சு அவனுக்கு. வயசான மீனு. செத்தா யாரு கேப்பா? பிரேதப் பரிசோதனையா பண்ணுவாங்க மீனுக்கு? சாயந்தரம் கெல்வின் அழுவான், நானும் பக்கத்துல உக்காந்து அழுவேன்...

“என்ன மொறைக்கறே? நீ ஒண்ணுமே சொல்லமாட்டியா? காலையிலருந்து ஒரு வார்த்தை சொல்லல நீ. என் மக மாதிரியே.”

நெவில் மூன்றாவது டிரம்முக்கு மூடியைத் திருகினான்.

டோரீன் கவுன் பையிலிருந்து போனை எடுத்தாள். திரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு அமுக்கிக் காதில் வைத்தாள்.

“கெல்வின்? நான்தான்... பஸ்ல ஏறிட்டியா?... இல்ல, மரீசா நல்லாருக்கா. வீடு நல்லாருக்கு. கெல்வின், குறுக்க பேசாம கேளு. தொட்டிக்குள்ள ப்ளீச்சு போயிருச்சு. டெரி சாஞ்சு கெடக்கான்... எப்பிடின்னா, நான்தான். பிசின வெளுத்துப் போட்டேன்... ஆமா, பழச... ரொம்ப நாளா... திட்டு, அப்புறம் திட்டு, டிக்கெட்டும் அப்புறம் எடு. இப்ப என்ன பண்ணணும், அத மட்டும் சொல்லு...

“மருந்தா? தொட்டியிலயே நேரா ஊத்தறதா?... இருக்கு. பாட்டிலு நெறைய இருக்கு... கரியா? இருக்கு... இல்ல, புதுசுதான், பிரிக்காதது... உள்ள கெடக்கறதா? அது பழசு, ஓவன்ல வெக்காம வெறுமனே கழுவிக் கழுவிப் போட்டேன்... புதுசு எத்தனன்னா... எண்ணல. பிசினும் இருக்கு. எல்லாம் என் பீரோவுல இருக்கு கெல்வின். நீ மேசை மேல வெச்சுட்டுப் போனது எல்லாமே இருக்கு.”

அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. பஸ் இரைச்சலோடு அது நெவிலுக்கும் லேசாகக் கேட்டது. டோரீன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள். ஒரு தடவை வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். கெல்வின் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, விரலை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டே கடைசி வரைக்கும் கேட்டாள்.

“சரி” என்றாள். பாலத்துக் கம்பியைப் பிடித்து எழுந்தாள். வாளியை எடுக்கவில்லை. டிரம்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. முட்டி வலியோடு கிட்டத்தட்ட ஓடினாள். வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தவள், சரிவில் குறுக்கே ஒரு படகு வண்டி நிற்பதைப் பார்த்து ஹாரனிலேயே கையை வைத்தாள்.

நெவில் தூண்டிலைச் சுருட்டினான். மூன்று டிரம்மையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தன் வண்டியின் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டினான். படகு வண்டி விலகி, அவள் மேலேறி வலப்பக்கம் திரும்பியதும், அவள் பின்னாலேயே தன் வண்டியை விட்டான்.